பழைய புத்தகத்துக்கு வயது பார்ப்பது எப்படி? புத்தகம் தேடுவோரின் கேள்விகளும் பதில்களும்

புத்தகம் தேடுவது, பார்த்து வாங்குவது, பாதுகாப்பது, படிக்க நேரம் ஒதுக்குவது பற்றி வந்த கடிதங்களில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் ஊரில் நோட்டும் கைடும் விற்கும் கடை மட்டும்தான் உண்டு. ஆன்லைனில் வாங்கினால் நாலு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து எடுக்கிற சந்தோஷம் இல்லை. நான் எங்கே போய்த் துழாவுவது?
— வாசகர், தென்காசி மாவட்டம்

முதலில் உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போங்கள். சுதந்திர இந்தியாவில் பொது நூலகச் சட்டம் முதலில் வந்தது நம் மாநிலத்தில்தான், 1948இல். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்த அலமாரிகளில் உங்கள் பணமும் இருக்கிறது.

உள்ளே போனதும் அலமாரிக்குப் போகாமல், வாசகர்கள் திருப்பிக் கொடுத்து இன்னும் அடுக்கப்படாமல் மேசையில் கிடக்கும் புத்தகங்களைப் பாருங்கள். அவை உங்கள் ஊர்க்காரர்கள் விரும்பி எடுத்துப் போனவை. எந்த விளம்பரமும் தராத பரிந்துரை அது. பிறகு அலமாரி. டியூயி தசம முறையில் அடுக்கும் நூலகம் என்றால் தமிழ் இலக்கியம் 894.811இல் தொடங்கும், கதையும் நாவலும் 894.8113. பெரும்பாலோர் அந்த ஒரு வரிசையோடு திரும்பிவிடுகிறார்கள். தமிழ்நாட்டு வரலாற்றுக்கு 954.82, பயண நூல்களுக்கு 910, வாழ்க்கை வரலாறுகளுக்கு 920, சமையலுக்கு 641 என்று மற்ற வரிசைகளிலும் கை வைத்துப் பாருங்கள். ஆள் நடமாட்டம் குறைந்த தட்டுகளில்தான் அச்சில் இல்லாத நூல்கள் அலுங்காமல் இருக்கின்றன.

கீழ்த்தட்டை உட்கார்ந்து பாருங்கள். நின்றபடி பார்க்கிறவர் கண்ணுக்கு நடுவில் உள்ள இரண்டு மூன்று தட்டுகள்தான் படும்.

பிடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பதிப்பகம் தன் மற்ற வெளியீடுகளின் பட்டியலைப் போட்டிருக்கும். அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல புத்தகத்திலிருந்து அடுத்ததுக்குப் போக அதைவிட நம்பகமான வழி குறைவு. கிளையில் கிடைக்காததை மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். வேண்டிய தலைப்புகளை எழுதி நூலகரிடம் கொடுத்து வைப்பதும் நல்லது. வாசகர் கேட்கிறார் என்று தெரிந்தால்தான் நூலகரும் மேலே கேட்க முடியும்.

பழைய புத்தகக் கடையில் ஆசையாக வாங்கி வந்து வீட்டில் பிரித்தால் நடுவே பக்கங்களைக் காணோம். கடையிலேயே கண்டுபிடிப்பது எப்படி?
— வாசகி, சென்னை

பக்கங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவது குறைவு. பெரும்பாலும் ஒரு பாரமே, அதாவது ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடித்த பக்கங்களின் கட்டே, போய்விடும். டெம்மி, அதைவிடச் சிறிய கிரவுன் அளவுப் புத்தகங்களில் ஒரு பாரம் என்பது வழக்கமாகப் பதினாறு பக்கம். ஆகவே எல்லாப் பக்கத்தையும் புரட்ட வேண்டாம். 16–17, 32–33, 48–49 என்று பாரம் மாறும் இடங்களில் மட்டும் பக்க எண் தொடர்கிறதா என்று பாருங்கள். முந்நூறு பக்கப் புத்தகத்தை இரண்டு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். முன்னுரைக்குத் தனி எண் போட்டிருந்தால் இந்தக் கணக்கு சில பக்கங்கள் தள்ளிப்போகும். பழைய அச்சில் ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்க அடியிலும் சின்னதாக ஓர் எண் இருக்கும், சிலவற்றில் தலைப்பின் முதலெழுத்தும் சேர்ந்திருக்கும். பைண்டிங் செய்கிறவருக்கான குறி அது. அதைப் பின்தொடர்ந்தாலும் போதும்.

காணாமல் போன பாரத்தைப் போலவே இரட்டித்த பாரமும் தொல்லைதான். 33 முதல் 48 வரை இரண்டு தடவை வந்து 49 முதல் 64 வரை இல்லாமல் போயிருக்கும். புத்தகத்தின் கனம் சரியாக இருப்பதால் கையில் எடுத்தால் சந்தேகம் வராது. புதுப் புத்தகத்திலும் இது நடக்கும். ரசீதோடு போனால் மாற்றிக் கொடுப்பார்கள்.

அடுத்தது பூச்சி. புத்தகத்தை வெள்ளைத் தாள்மேல் நிமிர்த்திப் பிடித்து முதுகில் இரண்டு தட்டு தட்டுங்கள். மாவுபோல் தூள் கொட்டினால் புழு இன்னும் உள்ளே இருக்கிறது. அதை உங்கள் அலமாரியில் சேர்த்தால் பக்கத்துப் புத்தகங்களுக்கும் பரவும். பழைய துளைகள் மட்டும் இருந்து தூள் இல்லை என்றால் பயமில்லை. தாளின் ஓரங்கள் அப்பளம்போல் நொறுங்கினால், நூல் மிக அரிதாக இருந்தாலொழிய வாங்க வேண்டாம். அந்தத் தாள் இன்னும் சில தடவை புரட்டலைத்தான் தாங்கும்.

நூலக முத்திரை இருந்தால் ‘கழிக்கப்பட்டது’ என்ற முத்திரையும் கூட இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். அது இன்னொரு வாசகர் தேடிக்கொண்டிருக்கும் புத்தகம்.

சென்னையில் மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபின் அங்கிருந்த புத்தகக்காரர்களில் பலர் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்தார்கள். திருவல்லிக்கேணி பாரதி சாலையிலும் பழைய கடைகள் உண்டு. ஏப்ரல் முதல் ஜூன் வரை பாடநூல் வியாபாரம் மும்முரமாக இருக்கும், நின்று பேச யாருக்கும் நேரம் இருக்காது. அந்த மாதங்களை விட்டுவிட்டுப் போங்கள். இன்னொரு யோசனை: உங்கள் தெருவின் பழைய பேப்பர் கடைக்காரரிடம், “பைண்டிங் போட்ட புத்தகம் எது வந்தாலும் பிரிக்காமல் எடுத்து வையுங்கள்” என்று சொல்லி வையுங்கள். அட்டைக்கு ஒரு விலை, தாளுக்கு ஒரு விலை என்பதால் பைண்டிங்கைக் கிழித்துத் தனித்தனியாக எடைக்குப் போட்டுவிடுவதுண்டு. வீடு காலி செய்கிறவர்களின் சேகரங்கள் அப்படித்தான் அழிகின்றன.

தாத்தா வைத்திருந்த புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பலவற்றில் முதல் ஏடு கிழிந்திருக்கிறது, வருஷம் தெரியவில்லை. எந்தக் காலத்துப் புத்தகம் என்று எப்படிக் கணிப்பது?
— வாசகர், காரைக்குடி

புத்தக ஆர்வலர்களுக்கு இதைவிட இனிய வேலை இல்லை. ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாமல் மூன்று நான்கைச் சேர்த்துப் பாருங்கள்.

எழுத்திலிருந்து தொடங்கலாம். ணை, லை, ளை, னை ஆகியவற்றில் எழுத்துக்கு முன்னால் தனியாக ஐகாரக் குறி இல்லாமல் தலைமேல் யானைத் துதிக்கையாய்ச் சுழி வந்தால், ணா, றா, னா ஆகியவை கால் இல்லாமல் ஒரே எழுத்தாய்ச் சுழிந்து வந்தால், அது பழைய எழுத்து. ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகியவற்றையும் சேர்த்துப் பதின்மூன்று எழுத்துகள் 1978இல் அரசாணைப்படி மாறின. ஆனால் ஈய எழுத்துகளை ஒரே நாளில் மாற்ற அச்சகங்களால் முடியாது. எண்பதுகளின் தொடக்கத்திலும் பழைய எழுத்தில் நூல்கள் வந்தன. பழைய எழுத்து என்றால் ‘1978க்கு முன், அல்லது சற்றுப் பின்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய எழுத்திலும் ஒரு விலக்கு உண்டு. பெரியார் தம் இதழ்களில் 1930களிலேயே சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தினார். எனவே சுயமரியாதை இயக்க வெளியீடுகளுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது.

அடுத்து விலை. ரூபாய், அணா, பை என்று மூன்று பகுதியாக ‘2–8–0’ என இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன் விலை வைத்த புத்தகம். ‘ந.பை.’ அல்லது ‘நயா பைசா’ என்றிருந்தால் உங்களுக்கு யோகம்: அந்தப் பெயர் 1957 முதல் 1964 வரைதான் புழக்கத்தில் இருந்தது. ஏழே வருஷத்துக்குள் புத்தகத்தை நிறுத்திவிடலாம்.

மூன்றாவது, முகவரி. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்டில். ‘சென்னை–14’ என்று மட்டும் இருந்தால் அதற்கு முந்தியதாக இருக்கலாம், ‘சென்னை–600 014’ என்றிருந்தால் நிச்சயம் பிந்தியது. ‘சென்னை ராஜ்யம்’ என்றிருந்தால் 1969க்கு முன். அந்த வருஷப் பொங்கலில்தான் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. நூலின் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் பத்து இலக்கம் என்றால் 2007க்கு முன், பதின்மூன்று இலக்கம் என்றால் 2007ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ.

பழைய நூல்களில் ஆங்கில ஆண்டு இல்லாமல் ‘விரோதிகிருது வருஷம் ஆவணி மாதம்’ என்று மட்டும் இருக்கும். அறுபது வருஷச் சுழற்சி என்பதால் விரோதிகிருது 1911–12ஆகவும் இருக்கலாம், 1971–72ஆகவும் இருக்கலாம். இங்கேதான் விலையும் எழுத்தும் கைகொடுக்கும். அணாவில் விலை இருந்தால் 1911 என்று முடிவு செய்துவிடலாம்.

கடைசியாக, பக்கத்தின் பின்புறத்தை விரல் நுனியால் தடவுங்கள். எழுத்துகள் மேடாகத் தட்டுப்பட்டால் ஈய எழுத்தை அழுத்தி அச்சிட்டது. வழுவழுவென்றிருந்தால் ஆஃப்செட். மறுபதிப்பா, மூல அச்சா என்ற சந்தேகம் வரும்போது இந்தத் தடவல் நல்ல துப்பு. அச்சுக்கலை மாறியபின் பழைய பக்கங்களை அப்படியே படமெடுத்துப் போட்ட பதிப்புகளில் பழைய எழுத்து இருக்கும், மேடு இருக்காது.

பெட்டியில் 1950க்கு முந்தியவை தென்பட்டால் எடைக்குப் போடும் முன் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடம் பட்டியலைக் காட்டுங்கள். அந்த நூலகத்துக்கு அடித்தளமே உங்கள் பக்கத்துக் கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த தொகுப்புதான்.

பிடிக்காத புத்தகத்தையும் முடித்தே ஆக வேண்டுமா?
— வாசகி, வேலூர்

வேண்டாம். ஐம்பது பக்கம் கொடுத்துப் பாருங்கள். கவிதைத் தொகுப்பு என்றால் பத்துக் கவிதை. வைத்துவிடும்போது எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், ஏன் என்று ஒரு வரி பென்சிலால் கடைசி ஏட்டில் எழுதி வையுங்கள். சில வருஷம் கழித்து எடுக்கும்போது அந்தக் காரணம் இன்னும் செல்லுபடியாகிறதா என்று தெரியும்.

பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்து பைண்டிங் செய்த புத்தகம் ஒன்றுக்கு அதிக விலை கேட்கிறார்கள். அதே நாவல் கடையில் புதிதாகக் கிடைக்கிறது. வாங்குவதில் அர்த்தம் உண்டா?
— வாசகர், கும்பகோணம்

ஓவியங்களுக்காக வாங்கலாம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது வாராவாரம் மணியம் வரைந்த படங்களும் வந்தன. பின்னால் வந்த மலிவுப் பதிப்புகள் பலவற்றில் அவை இல்லை. கதையோடு ஒட்டி வந்த விளம்பரங்களும் துணுக்குகளும் அந்தக் கால வாழ்க்கைக்குச் சாட்சி.

ஆனால் மூன்றைப் பாருங்கள். அத்தியாய எண்கள் விட்டுப்போகாமல் இருக்கின்றனவா? ஒரு வாரம் இதழ் கிடைக்காமல் போயிருந்தால் அங்கே ஓட்டை விழுந்திருக்கும். ஓரம் வெட்டியபோது வரிகள் போயிருக்கின்றனவா? பக்கவாட்டில் துளையிட்டுத் தைத்திருந்தால் உள் ஓரத்து எழுத்துகளைப் படிக்க முடிகிறதா? பழைய பின்கள் துருப்பிடித்துத் தாளை அரித்திருந்தால், பழகிய பைண்டரிடம் கொடுத்துப் பின்களை எடுத்துவிட்டு நூலால் தைத்துக் காலிக்கோ துணி போடச் சொல்லுங்கள். ஓரத்தை மறுபடி வெட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அழகுக்காக இன்னும் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள்.

அறுபது எழுபதுகளில் எங்கட பக்கம் வந்த சிறுசஞ்சிகைகளைத் தேடித் திரிகிறன். கடைகளில் கேட்டால் கைவிரிக்கினம். வேறு வழி உண்டோ?
— வாசகர், மட்டக்களப்பு

முதலில் ‘நூலகம்’ இணையத்தளத்தில் பாருங்கள். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய முயற்சி அது. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் வரை மின்வடிவில் சேர்த்து இலவசமாகத் தருகிறார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. ஒரே படியாக இருந்தவை அதோடு போயின. அதனால் உங்கள் பகுதி வீடுகளில் தனிப் பிரதி ஏதும் தென்பட்டால் அவர்களுக்குத் தெரிவியுங்கள்.

அங்கே இல்லாவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். எந்த நாட்டு நூலகத்தில் பிரதி உண்டென்று அறிய வேர்ல்ட்கேட் பட்டியல் உதவும், ஆனால் அங்கே தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் உரோமன் எழுத்தில் ஒரு கண்டிப்பான விதிப்படி பதிவாகியிருக்கும். நாம் பேசும் ஒலிப்படி தட்டினால் வராது. ச என்பதற்கு எஸ் (s) அல்ல, சி (c). க எங்கே வந்தாலும் கே (k), த எங்கே வந்தாலும் டி (t), ப எங்கே வந்தாலும் பி (p). ஜி, டிஎச், பிஹெச் எல்லாம் தமிழ்ச் சொற்களுக்கு இல்லை. ‘சங்கம்’ என்று தேட சி, ஏ, என், கே, ஏ, எம் (cankam) என்று தட்ட வேண்டும். பிரதி எங்குமே இல்லை என்று பலர் கைவிடுவது இந்த எழுத்துக் கூட்டலில் தடுக்கித்தான்.

அலமாரியில் இராமபாணப் பூச்சி வந்துவிட்டது. புத்தகங்களை வெயிலில் காய வைக்கலாமா?
— வாசகி, நாகப்பட்டினம்

நேரடி வெயில் வேண்டாம். தாள் பழுத்துவிடும், அட்டை வளையும். நிழலில், காற்றோட்டத்தில், விசிறிபோல் விரித்து நிமிர்த்தி வையுங்கள்.

இராமபாணத்துக்கு வேண்டியது ஈரமும் பசையும். கடற்கரை ஊரில் ஈரப்பதம் சாதாரணமாகவே அதிகம். 65 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரற்கடை தள்ளிப் போடுங்கள். வெளிச்சுவரை விட வீட்டின் உள்சுவர் நல்லது. புத்தகங்களை இறுக்கித் திணிக்க வேண்டாம், ஒன்றை எடுக்கும்போது பக்கத்துப் புத்தகம் கூடவே வராத அளவு இடம் இருக்கட்டும். பிளாஸ்டிக் உறை உங்கள் ஊருக்கு ஆகாது. ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும்.

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஏடுகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் உண்டு. வீட்டில் வசம்பும் கிராம்பும் போதும், தட்டுக்கு ஒரு சிறு முடிச்சு. வாசம் போனதும் மாற்றுங்கள். வேப்பிலை வைப்பதானால் சருகாகக் காய்ந்ததை வையுங்கள். பச்சை இலை ஈரம் கொடுக்கும். முடிச்சுகள் வரும் பூச்சியைத் தடுக்குமே தவிர, உள்ளே இருப்பதைக் கொல்லாது.

ஏற்கெனவே பூச்சி பிடித்த புத்தகம் என்றால் ஃப்ரீசர் வழி நல்லது. காற்றை வெளியேற்றிய ஜிப் பையில் போட்டு நன்றாக மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு முழு நாள் விடுங்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். குளிர்ந்த புத்தகத்தைச் சூடான காற்றில் திறந்தால் தாள்மேல் நீர் கோத்துக்கொண்டு, பூச்சி போய்ப் பூஞ்சை வரும். ஈரமான புத்தகத்தையும் தோல் அட்டை போட்டதையும் இப்படிச் செய்ய வேண்டாம்.

கிழிந்த தாளுக்கு செல்லோ டேப் கூடவே கூடாது. பசை மஞ்சளாகி மறுபக்கம் வரை ஊறும். மெல்லிய டிஷ்யூ தாளும் மைதாப் பசையும் போதும். பைண்டர்கள் பூச்சி வராமலிருக்க அந்தப் பசையில் சிறிது மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், சமையல் பாத்திரத்தில் காய்ச்ச வேண்டாம்.

தினமும் பேருந்தில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. வேறு நேரமே இல்லை. ஆனால் புத்தகத்தை எடுத்தால் பத்து நிமிஷத்தில் தலை சுற்றுகிறது. வழி சொல்லுங்கள்.
— வாசகி, திருப்பூர்

வண்டி ஆடுவதைக் காது உணர்கிறது, அசையாத பக்கத்தைக் கண் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வரும் சுற்றல் அது. மன உறுதியால் வெல்ல முயன்றால் வாந்திதான் மிஞ்சும்.

முன், பின் சக்கரங்களுக்கு நடுவில் உள்ள இருக்கையில், முன்னோக்கி உட்காருங்கள். கடைசி வரிசையில்தான் குலுக்கல் அதிகம். புத்தகத்தை மடியில் வைத்துக் குனியாமல் மார்புக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள், ஓரக்கண்ணில் ஜன்னல் தெரிய வேண்டும். அதற்குக் கனமில்லாத, கிரவுன் அளவுப் புத்தகம்தான் சரி. அறுநூறு பக்க நாவலை வீட்டில் வையுங்கள். தொடர்ந்து படிக்காமல் நிறுத்தங்களிலும் சிக்னல்களிலும் மட்டும் படித்து, வண்டி ஓடும்போது தூரத்தில் பாருங்கள். கைப்பேசியில் எழுத்தை நகர்த்திக்கொண்டே படிப்பது சுற்றலைக் கூட்டும்.

இப்படித் துண்டுதுண்டாகப் படிக்கக் குறுந்தொகை மாதிரி வாய்த்தது வேறில்லை. பாட்டுகள் நான்கு முதல் எட்டு அடிதான், ஒரு நிறுத்தத்தில் ஒன்றைப் படித்துவிடலாம். சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு பாட்டைப் படித்ததும் புத்தகத்தை மூடி, யார் யாரிடம் பேசுகிறார்கள், எதற்காக என்று அடுத்த நிறுத்தம் வரை யோசியுங்கள். உரையை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.